அயலார் கதைகள் குடியிருக்கும் கோட்டை

ஜெர்மனி நாட்டின் தென்பகுதியில், பவேரிய மாநிலத்தின் தலைநகராக விளங்குவது மியூனிக். அந்நகரின் மேற்கோரத்தில் ஓபர்மென்ஸிங் என்னும் புறநகர் ரயில் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால், வூர்ம் என்னும் சிற்றாறு இரு கிளைகளாகப் பிரிந்து சூழ்ந்து செல்லும் இடத்தில் ப்ளூட்டன்புர்க் கோட்டை கண்ணுக்குப் புலனாகும். கோட்டை என்றதும் செஞ்சியையும் வேலூரையும் எண்ணிச் செல்வோர் சற்று ஏமாற்றமே அடைவர். வெண்சுண்ணம் பூசிய சுவர்கள், செந்நிற ஓட்டுக் கூரை, சிறு கோபுரங்கள், அருகே வாத்துகள் நீந்தும் குளம். 15-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ஆல்பிரெக்ட் என்னும் பிரபு, வேட்டைக்கு வரும்போது தங்குவதற்காக எழுப்பிய மாளிகை இது.

அவருடைய மகன் சிகிஸ்முந்து ஆட்சிப் பொறுப்பைத் துறந்து இங்கே வந்து வாழ்ந்தார். 1488-ஆம் ஆண்டு அவர் கட்டிய சிற்றாலயம் இன்றும் பழுதின்றி இருக்கிறது. மூவொரு இறைவனுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அவ்வாலயத்தின் பீடங்களை அணிசெய்யும் ஓவியங்கள் 1491-இல் தீட்டப்பட்டவை. தீட்டியவர் யான் போலக். பெயரே காட்டுகிறபடி, அவர் போலந்து நாட்டிலிருந்து வந்து மியூனிக்கில் குடியேறியவர் என்று கருதப்படுகிறது. பவேரியப் பிரபுவின் ஆலயத்தை அயல்நாட்டார் ஒருவருடைய கை அழகு செய்தது என்பதை இங்கே குறித்துக் கொள்வோம். இக்கோட்டையில் காண வேண்டிய மற்றவையும் அந்த வகையைச் சேர்ந்தவையே.

ஆலயத்திலிருந்து முற்றத்தைக் கடந்தால் நூலகத்தின் வாயில். 1983-ஆம் ஆண்டு முதல் அகில உலகச் சிறுவர் நூலகம் இக்கோட்டையில் குடிகொண்டுள்ளது. 240-க்கும் மேற்பட்ட மொழிகளில், 6 லட்சத்திற்கும் அதிகமான சிறுவர் நூல்கள் இங்கே உண்டு. சிறிய கோட்டைக்குள் இத்தனை நூல்களுக்கு இடம் ஏது என்று வியப்பு எழலாம். முற்றத்துக் கற்களின் அடியில் நிலத்தைத் தோண்டி நிலவறை அமைத்து, அங்கே நூல்களை அடுக்கியிருக்கின்றனர். நாம் காலாற உலாவும் முற்றத்தின்கீழ் உலகத்துப் பாட்டிமார் கதைகளெல்லாம் உறங்குகின்றன என்று நினைக்கும்போதே மெல்ல அடியெடுத்து வைக்கத் தோன்றுகிறது.

இந்நூலகத்தை நிறுவியவர் யெல்லா லெப்மன் அம்மையார். 1891-இல் ஸ்டுட்கார்ட் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், இளம் வயதிலேயே கணவரை இழந்து இரு பிள்ளைகளை வளர்த்தவர், பத்திரிகையாளர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் தாய்நாட்டில் வாழ வழியின்றி 1936-இல் இங்கிலாந்து சென்று சேர்ந்தார். போர் முடிந்த 1945-இல் அமெரிக்கப் படையினர், பெண்கள், இளைஞர் நலனுக்கான ஆலோசகராக அவரை ஜெர்மனிக்கு அழைத்தனர். தம் இனத்தாரைக் கொன்று குவித்த மண்ணுக்குத் திரும்பிச் செல்வதா என்று அவர் தயங்கியதில் வியப்பில்லை. குழந்தைகளை எண்ணியே வந்தார். வந்து பார்த்தால், இடிந்த சுவர்களுக்கிடையே அலைந்து திரியும் சிறுவர்கள். அவர்களுக்கு உணவும் உடையும் வேண்டும் என்பதை யாவரும் அறிவர். நூலும் வேண்டும் என்றார் அம்மையார். பன்னிரண்டு ஆண்டுகள் நச்சுக் கருத்துகளையே ஊட்டி வளர்த்த பிள்ளைகளுக்குப் பிற நாட்டாரின் கதைகளைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது அவர் துணிபு.

கையில் பணமில்லை. ஆகவே 20 நாடுகளுக்குக் கடிதம் எழுதினார்: உங்கள் நாட்டுச் சிறுவர் நூல்களை அன்பளிப்பாக அனுப்புங்கள், கண்காட்சி வைக்கிறோம் என்று. நேற்றுவரை பகைவராயிருந்த நாட்டின் பிள்ளைகளுக்கு நூல் அனுப்பக் கேட்பது எளிய செயலா? எனினும் நாடுகள் இசைந்தன. பெல்ஜியம் மட்டும் மறுத்தது. இருமுறை ஜெர்மானியப் படைகள் எங்கள் மண்ணில் புகுந்தன. எங்களால் இயலாது என்றது. அதிலும் நியாயம் இல்லாமலில்லை. லெப்மன் விடவில்லை. மூன்றாம் முறையும் அவ்வாறு நேராமலிருக்க வேண்டுமானால், மற்றெவரையும் விட நீங்களே இப்பிள்ளைகளுக்குப் புதிய தொடக்கம் தர வேண்டியவர்கள் என்ற கருத்தில் மீண்டும் எழுதினார். பெல்ஜியத்தின் நூல்கள் வந்து சேர்ந்தன.

1946-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மியூனிக்கில் கண்காட்சி திறக்கப்பட்டது. வைத்த இடம் எது தெரியுமா? 'தூய ஜெர்மானியக் கலை' ஒன்றையே காட்டுவதற்கென்று ஹிட்லர் கட்டி 1937-இல் திறந்து வைத்த கலை மாளிகை! அதே கூடங்களில் அயல்நாட்டுச் சிறுவர் நூல்களும், அயல்நாட்டுப் பிள்ளைகள் தீட்டிய ஓவியங்களும் இடம்பெற்றன. அந்தக் கண்காட்சியே வளர்ந்து 1949-இல் நூலகமாயிற்று. பின்னர் இக்கோட்டைக்கு வந்தது. லெப்மன் அம்மையார் 1970-இல் காலமானார்.

பிற நாட்டுக் கதைகளுக்காக ஒருவர் இத்தனை பாடுபட வேண்டுமா, ஜெர்மனியில் கதைகளுக்குப் பஞ்சமா என்று கேட்கலாம். பஞ்சமே இல்லை. அங்குதான் சிக்கல் இருந்தது. யாக்கோபு கிரிம், வில்ஹெல்ம் கிரிம் என்னும் சகோதரர்கள் தொகுத்த கதைகளின் முதற்பகுதி 1812-இலும் இரண்டாம் பகுதி 1815-இலும் வெளிவந்தன. அவர்கள் வாழ்ந்த காசெல் நகரம் முதற்பகுதி வெளிவந்தபோது நெப்போலியனின் தம்பியுடைய ஆட்சியில் இருந்தது. அந்நியர் ஆளும் வேளையில், எங்கள் மக்களின் உள்ளம் இதோ இருக்கிறது என்று எடுத்துக் காட்டும் வேட்கை அத்தொகுப்புக்குப் பின்னே இருந்தது. அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் 1933-க்குப் பின் வந்தவர்கள் அதே கதைகளைப் பள்ளி வகுப்பறையில் வேறு விதமாகப் பயன்படுத்தினர். இவை எம் இனத்தின் இரத்தத்தில் பிறந்தவை, பிறர் கலப்பற்றவை என்று ஆசிரியர்கள் போதிக்க வேண்டியதாயிற்று.

உண்மை என்ன? இரண்டாம் பகுதிக்குப் பல கதைகளைச் சொல்லித் தந்தவர் டொரோதியா ஃபீமன் என்னும் ஏழைப் பெண்மணி. காசெல் நகரத் தெருக்களில் காய்கறி விற்றுப் பிழைத்தவர். அவருடைய தந்தை வழிச் சத்திரத்தில் வண்டிக்காரர்களும் வணிகர்களும் வந்து தங்குவர். அவர்கள் பேசிய கதைகளையெல்லாம் சிறு வயதில் கேட்டு வளர்ந்தவர். அவரைச் சுத்தமான ஜெர்மானியக் குடியானவப் பெண் என்று கிரிம் சகோதரர்கள் போற்றினர். அவருடைய தந்தை வழி முன்னோரோ பிரான்சு நாட்டிலிருந்து வந்தவர்கள். பதினான்காம் லூயி மன்னன் 1685-இல் சீர்திருத்த சபையாரின் வழிபாட்டு உரிமையைப் பறித்தபோது உயிர் தப்பி ஓடி வந்த அகதிகளின் வழித்தோன்றல் அவர். (கத்தோலிக்க மன்னன் செய்த அந்தக் கொடுமையை நாம் மறைப்பதில் பயனில்லை.) சிவப்புக் குல்லாய் அணிந்த சிறுமியின் கதையைச் சொன்ன வீட்டாரும் அத்தகைய பிரெஞ்சு மரபினரே, அக்கதையைப் பெரோ என்பவர் 1697-லேயே பாரிசில் அச்சிட்டுவிட்டார். கலப்பற்ற கதை என்று போற்றப்பட்டவற்றில் பல, அகதிகளின் மூட்டையில் வந்தவை.

அத்தொகுப்பில் இன்னொன்றும் உண்டு. 110-ஆம் கதை, முள்ளில் அகப்பட்ட யூதனைப் பற்றியது. மாயப் பிடில் ஒன்றை வாசித்து அவனை முட்புதரில் ஆட வைத்து, உடல் கிழிவதைக் கண்டு சிரித்து, இறுதியில் தூக்கிலும் ஏற்றிவிடுகிறது கதை. கேட்போர் மகிழ வேண்டும் என்பதே நோக்கம். நாட்டுப்புறக் கதை என்றாலே நல்லது, குழந்தைக்கு ஏற்றது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோர் இதை ஒருமுறை படிக்க வேண்டும். இன்று சிறுவர்க்கான பதிப்புகள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகின்றன. அது சரியே என்பது நம் எண்ணம். வயது வந்த மாணவர் வேண்டுமானால் வரலாற்றுப் பாடமாகப் படிக்கட்டும்.

இவற்றையெல்லாம் மனத்தில் கொண்டுதான், வசந்த காலத்துக் காலை ஒன்றில் அந்நூலகத்துக்குள் சென்றோம். பள்ளிப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக இங்கே வருவது வழக்கம். அன்று வந்திருந்தோர் ஒன்பது, பத்து வயதினர் இருபது பேர். பவேரியக் குழந்தைகளும், துருக்கி, சிரியா முதலிய நாடுகளின் மரபில் வந்த குழந்தைகளும் கலந்திருந்தனர். 1961-இல் ஜெர்மனி துருக்கியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி வேலைக்கு வந்தோரின் பேரப் பிள்ளைகள் சிலர். 2015-இல் மியூனிக் ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் வந்திறங்கிய அகதிகளின் பிள்ளைகள் சிலர். கதை சொல்ல அமர்ந்திருந்த பெண்மணி நடுத்தர வயதினர். உடன் வந்த நண்பர் நமக்கு மெல்ல மொழிபெயர்த்துச் சொன்னார்.

அன்றைய பாடம் மூடர் கதைகள். முதலில் ஷில்டா என்னும் ஊரார் கதை. 1598-இல் ஜெர்மனியில் அச்சேறிய பழங்கதை அது. ஊரார் கூடி நகர மண்டபம் கட்டினர். சாளரம் வைக்க மறந்துவிட்டனர். உள்ளே ஒரே இருட்டு. என்ன செய்வது? வெளியே வெயிலில் சாக்குகளை விரித்துப் பிடித்து, ஒளி நிரம்பியதும் வாயை இறுகக் கட்டி, உள்ளே கொண்டுபோய்க் கொட்டினார்களாம்! எரிக் கேஸ்ட்னர் என்னும் எழுத்தாளர் இக்கதைகளைச் சிறுவர்க்கென எழுதித் தந்தவர். 1933-இல் தம் நூல்கள் பெர்லினில் எரிக்கப்பட்டதை நேரில் நின்று பார்த்தவர் அவர். லெப்மன் அம்மையாருக்கு நண்பர். அவர் பெயரால் இக்கோட்டையில் ஓர் அறை இருக்கிறது.

அடுத்து, போலந்து நாட்டின் கிழக்கே உள்ள செல்ம் என்னும் ஊர். அங்குள்ளோர் நிலாவைப் பிடித்து வைத்துக்கொள்ள விரும்பினர். பீப்பாயில் நீர் நிரப்பி வைத்து, அதில் நிலா தெரிந்ததும் சட்டென்று மூடிவிட்டனர். பிறகு திறந்து பார்த்தால் நிலா களவு போயிருந்தது! பிள்ளைகள் உருண்டு சிரித்தனர். சாக்கில் வெயிலும் பீப்பாயில் நிலாவும் உறவுதானே என்று ஒரு சிறுமி கேட்டாள். கூர்ந்த மதி! உறவுதான். ஷில்டாக் கதைகள் 18-ஆம் நூற்றாண்டிலேயே யூதர்களின் இத்திஷ் மொழியில் அச்சாகி அவர்களிடையே உலவின. ஜெர்மானியரும் யூதரும் ஒரே கதையைச் சொல்லித் தங்களைத் தாங்களே பார்த்துச் சிரித்த காலம் ஒன்று இருந்தது. செல்ம் கதையைச் சொன்னவர்கள் அவ்வூர் யூதர்கள். இப்போது அவர்கள் அங்கே இல்லை என்று மட்டும் சொல்லி அப்பெண்மணி நிறுத்திக்கொண்டார். போரின்போது அவர்களுள் பெரும்பாலோர் நாஜிகளால் கொல்லப்பட்டனர் என்பதை அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அவர் விரித்துரைக்கவில்லை. ஆனால் மறைக்கவும் இல்லை. எங்கே போனார்கள் என்று ஒரு சிறுவன் கேட்டபோது, கொன்றுவிட்டார்கள் என்றார். சிறிது நேரம் அமைதி. பிறகு நஸ்ருதீன் ஹோஜாவின் கதை தொடங்கியது.

ஹோஜா துருக்கியரின் செல்லப் பிள்ளை. துருக்கியர் மட்டுமா? 2022-இல் அவர் கதை மரபை யுனெஸ்கோ உலகப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தபோது ஏழு நாடுகள் சேர்ந்து உரிமை கொண்டாடின. கதையைச் சொல்லத் தொடங்கியதுமே துருக்கிச் சிறுவன் ஒருவன் எழுந்து, இது எங்கள் தாத்தா சொன்னது என்றான். அப்பெண்மணி உடனே தம் நாற்காலியை அவனுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் அமர்ந்துகொண்டார். அவன் தன் மொழியும் ஜெர்மனும் கலந்து சொன்னான். ஹோஜா கழுதைகளை ஓட்டிச் செல்கிறார். ஒன்றின்மேல் ஏறிக்கொண்டு எண்ணினால் ஒன்று குறைகிறது. இறங்கி எண்ணினால் சரியாக இருக்கிறது. மீண்டும் ஏறினால் மீண்டும் குறைகிறது. கடைசியில், கழுதையை இழப்பதைவிட நடந்து போவதே லாபம் என்று நடந்தே போனாராம். சிறுவனின் முகத்தில் அன்று கண்ட பெருமிதத்தை எந்தத் தேர்வுத் தாளும் தந்துவிடாது.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்களுக்குப் பரமார்த்த குரு நினைவுக்கு வராமல் இரார். நம் வீரமாமுனிவர் (1680-1747) இத்தாலியிலிருந்து வந்து, அயல்நாட்டுக் குருக்கள் பேச்சுத் தமிழைப் பழகுவதற்கென்று எழுதிய கதையன்றோ அது! ஒரு நாட்டின் கதையை வைத்து இன்னொரு நாட்டாருக்கு மொழி கற்பிக்கும் முறையை 18-ஆம் நூற்றாண்டிலேயே அவர் கையாண்டிருக்கிறார். 1822-இல் பெஞ்சமின் பாபிங்டன் என்பவர் தமிழ் மூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து லண்டனில் அதை அச்சிட்டார். (சென்னையில் அரசுப் பணி செய்து பின்னர் மருத்துவரான இந்த பாபிங்டன், தொண்டைக்குள் பார்க்கும் கண்ணாடிக் கருவி ஒன்றையும் வகுத்தவர். தமிழின் கடின எழுத்துகளை ஒலித்துப் பழகியதன் விளைவோ என்னவோ!)

நாம் தமிழ்நாட்டிலிருந்து வந்திருப்பதை அறிந்து, எங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் ஊர் மூடர் கதை ஒன்று சொல்வீர்களா என்று அப்பெண்மணி கேட்டார். ஆற்றைக் கடந்த குருவும் சீடர்களும் தங்களை எண்ணிப் பார்த்த கதையைச் சுருக்கமாக அவரிடம் கூறினோம். எண்ணுகிறவன் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ண, ஆறு பேர் ஐந்து பேராகி, ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதென்று அழுது புலம்பிய கதை. கேட்டுச் சிரித்த அவர், ஒரு கணம் யோசித்து, சற்றுப் பொறுங்கள் என்றார். பிள்ளைகளிடம் திரும்பி, இங்கிலாந்தில் காதம் என்னும் ஊரார் கதையை முதலில் சொன்னார். மீன் பிடிக்கப் போன 12 பேர், யாராவது நீரில் மூழ்கிவிட்டார்களோ என்று எண்ணிப் பார்த்து, ஒவ்வொருவரும் 11 என்றே காண்கின்றனர். வழிப்போக்கன் ஒருவன் பணம் பேசிக்கொண்டு, ஆளுக்கு ஓர் அடி கொடுத்து எண்ணிக் காட்டுகிறான். 12-ஆம் அடி விழுந்ததும் அடிபட்டவர் அனைவரும் அவனை வாழ்த்துகின்றனர். அதன் பிறகே நம்மைச் சொல்லச் சொன்னார்.

ஏன் இந்த முறை என்று பின்னர் கேட்டோம். இப்பிள்ளைகளில் பலர் இந்தியாவைப் பற்றிக் கேட்கும் முதல் கதை இதுவாகவே இருக்கும். முதல் கதையிலேயே இந்தியக் குரு ஒருவர் முட்டாளாக வந்தால், இந்தியர் எல்லாரும் அப்படித்தான் என்று பதிந்துவிடும். ஆங்கிலேயனும் அதே முட்டாள்தனத்தைச் செய்தான் என்று முன்பே அறிந்துவிட்டால், குருவைப் பார்த்து நம்மவராகவே சிரிப்பார்கள் என்றார். பல ஆண்டு வகுப்பறை அனுபவம் இந்த விடையில் இருந்தது. ஒரு மக்கள் தம்மைத் தாமே பார்த்துச் சிரிப்பது வேறு, பிறர் அவர்களைப் பார்த்துச் சிரிப்பது வேறு. செல்ம் கதையையும் முள்ளில் அகப்பட்ட யூதன் கதையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அந்த வேறுபாடு எவருக்கும் விளங்கும்.

இவையெல்லாம் ஒரே கதைதான், மனிதர் எல்லாரும் ஒன்றுதான் என்று பாடத்தை அத்துடன் முடித்துவிடும் ஆசிரியர் உண்டு. உலகக் கதைகளுக்கு எண் கொடுத்துப் பட்டியல் வகுத்த அறிஞர்களும் தங்களை எண்ணத் தெரியாதோர் கதைக்கு 1287 என்று ஓர் எண் இட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்மணியோ, ஒன்றாய் இருப்பதைக் கண்டுபிடித்த பிள்ளைகளை, எங்கே ஒன்றாய் இல்லை என்று தேடச் செய்தார். பிள்ளைகள் கண்டுபிடித்தவை வியப்பளித்தன. ஆங்கிலேயரும் குருவின் சீடரும் காசு கொடுத்து அடி வாங்கினர். ஹோஜாவை எவரும் அடிக்கவில்லை, அவரே ஒரு முடிவுக்கு வந்து நடந்து போனார். ஆங்கிலேயக் கதையில் தலைவன் இல்லை. தமிழ்க் கதையில் குருவும் சேர்ந்து தவறாக எண்ணுகிறார். பெரியவரே தவறினால் யார் திருத்துவது என்று ஒருத்தி கேட்டாள். வேதாந்திகள் இதே கதையைப் பத்துப் பேர் கதையாக்கி, 'பத்தாமவன் நீயே' என்று அன்போடு சுட்டிக்காட்டும் ஒருவரை அதில் கொண்டுவந்து, தன்னை அறிதல் என்னும் பெரும் பாடத்தைப் புகட்டினர். கைவல்ய நவநீதம் படித்தோர் அதை அறிவர். அதைக் கேட்டபோது பிள்ளைகள் சிரிக்கவில்லை. கடைசிப் பையன் ஒருவன் மட்டும் தன்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

கதை முடிந்ததும் நீதி என்ன என்று எவரும் கேட்கவில்லை. நம் ஊர்ப் பள்ளிகளில் கதை முடியுமுன்பே கரும்பலகையில் நீதி வந்துவிடுகிறது. ஒருவரியில் அடங்கும் நீதிக்காகவே அக்கதை பிறந்திருக்குமானால், இத்தனை நாடுகளைச் சுற்றி வந்திருக்காது. அதுபோல, அயல்நாட்டுக் கதையை மொழிபெயர்ப்போர் எளிமை கருதி ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் நீக்கிவிட்டு, 'ஒரு ஊரில் ஒருவன்' என்று ஆக்கிவிடுகின்றனர். அவ்வாறு செய்தால் ஹோஜா வெறும் மூடனாகிவிடுகிறார். அந்தத் துருக்கிச் சிறுவனும் எழுந்து நாற்காலியில் அமர்ந்திருக்க மாட்டான்.

விடைபெறும் வேளையில் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, ஐந்து சீடர்களின் பெயரைத் தமிழில் சொல்லுங்கள் என்றனர். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று சொன்னோம். 'ட'கரத்தோடு போராடியபடியே அனைவரும் கூவினர். ஒவ்வொன்றுக்கும் பொருள் கேட்டனர். நான்குக்கும் அறிவில்லாதவன் என்றே பொருள் என்றதும் சிரிப்பு. மிலேச்சன் என்றால் என்ன என்றாள் முன்பு வெயிலுக்கும் நிலாவுக்கும் உறவு கண்ட சிறுமி. நாகரிகம் அறியாத அயல்நாட்டான் என்றோம். இந்தக் கதையை எழுதியவர் எந்த நாட்டார் என்று அவள் கேட்டாள். இத்தாலி நாட்டார் என்றோம்.